கிரீஸ் டப்பாவுக்குள் நான்கு தகடுகள்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில், பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் நடந்தால் வலது கைப் பக்கம் மூன்று ஷட்டர் வைத்த கடை ஒன்று வரும். அது நான் கட்டியது. உள்ளே ஓடுகிற இரண்டு லேத்தும் நான் வாங்கிப் போட்டவை. மோட்டாருக்குள் வைக்கிற செம்புக்கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றுகிற மிஷின் வாங்க வழியில்லாத காலத்தில், பழைய சைக்கிளின் பெடலையும் பல்சக்கரத்தையும் வைத்து நானே ஒன்று செய்தேன். சுற்று எண்ணுவதற்கு, ஓடாத டேப் ரிக்கார்டரிலிருந்து எண் காட்டுகிற சக்கரத்தைக் கழற்றிப் பொருத்தினேன். இன்றைக்கும் அது ஓடுகிறது, எண்ணுகிறது, ஒரு சுற்றுகூடத் தப்புவதில்லை. அல்லிநகரத்தில் மாடி வீடு கட்டினேன். அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்துவிட்டது. எஞ்சினியர் இடத்தை மாற்றச் சொன்னார். நான் பாறையை மாற்றினேன். வைகை அணைப் பக்கத்திலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும் எந்தக் கிணற்றடியில் போய் என் பெயரைச் சொன்னாலும் ஒரு டம்ளர் மோராவது கிடைக்கும்.

இவ்வளவும் செய்தவன் எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சை எழுதினான். முழுப் பரீட்சை எழுதவில்லை. வயது நாற்பதுதான் ஆகிறது என்றாலும் எங்கள் மெக்கானிக் சங்கத்தில் என்னைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. அதில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். செயலாளர் தம்பி கடைக்கே வந்து, "அண்ணே, நீங்க கட்டுனது வாங்குனது எல்லாத்தையும் நாங்களே எழுதிக்கிறோம். நீங்க சின்ன வயசுல நடந்தது ஒண்ணு மட்டும் எழுதிக் குடுங்க. படிக்கிறவன் சிரிக்கணும்" என்றார்.

சிரிக்க வைக்கத்தான் உட்கார்ந்தேன். யோயோ சுற்றிய கதையை எழுதலாம் என்று ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கதையைப் பிடித்து இழுத்தால் அதன் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை நான் இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, என் பெண்டாட்டியிடம்கூட. வந்தது வரட்டும் என்று எழுதுகிறேன்.

அப்போது கடை இந்த இடத்தில் இல்லை. பஜாருக்குள் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். தோட்டத்து மோட்டார் பழுதாகி வந்தால் காயில் கட்டுவது அப்பா, பேரிங் மாற்றுவது சித்தப்பா. அப்பா பேசமாட்டார், பேசினால் சண்டை மாதிரி இருக்கும். சித்தப்பா அவருக்குப் பத்து வயது இளையவர், அப்போது கல்யாணம் ஆகவில்லை. வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பார். விசில் நின்றால் ஏதோ சிக்கலான வேலை என்று அர்த்தம்.

அந்தத் தை மாசம் கடைக்குப் புதுப் பலகை தயாராகிக்கொண்டிருந்தது. நீலம் பூசி, சாக்பீஸில் கோடு போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே அப்பா பெயர், கீழே அதே அளவில் சித்தப்பா பெயர். பெயிண்டர் வந்து எழுதுவது மட்டும்தான் பாக்கி. அதுவரை சித்தப்பா எங்கே போனாலும் இன்னாருடைய தம்பிதான். அவர் பெயர் எதிலும் எழுதப்பட்டதில்லை. காலையில் கடையைத் திறந்ததும் அவர் முதலில் அந்த வெறும் பலகையைத்தான் துடைப்பார். "எழுதாத பலகையத் தொடைக்கிறதுக்கு ஒரு ஆளு" என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் தடுக்கமாட்டார்.

அண்ணன் தம்பிக்குள் ஒரே ஒரு தீராத வழக்கு இருந்தது. பேரிங் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், நடுவில் இரும்புக் குண்டுகள், அவற்றைச் சுற்றிக் கம்பெனி வைத்த கிரீஸ். தூசி உள்ளே போகாமலும் கிரீஸ் வெளியே வராமலும் இரண்டு பக்கமும் மெல்லிய தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றலாமா கூடாதா என்பதுதான் வழக்கு.

"கம்பெனிக்காரன் கிறுக்கனா? மூடிக் குடுத்தத எதுக்குத் தொறக்குற?" என்பது அப்பாவின் கட்சி.

"கம்பெனிக்காரன் நம்ம கெணத்து மேட்டுக்கு வந்து பாத்தானாண்ணே? அவன் வச்ச கிரீஸு இந்த வெயிலுக்கு ஆறு மாசந்தான் தாங்கும். உள்பக்கத் தகட்ட மட்டும் எடுத்துட்டு நம்ம கிரீஸத் திணிச்சா ரெண்டு வருசம் ஓடும். வெளிப்பக்கத்த நான் தொடமாட்டேன்" என்பது சித்தப்பாவின் கட்சி.

வேலை சித்தப்பாவுடையது என்பதால் அவர் இஷ்டப்படியே நடந்தது. அப்பா தோற்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்தார். எனக்கு ஒரு யோயோ கொண்டுவந்தார். யோயோ அப்போது ஊரில் புதிதில்லை. சோடா மூடி சேர்த்துக் கொடுத்தால் கிடைக்கிற பிளாஸ்டிக் யோயோ தெருவில் பத்துப் பேரிடம் இருந்தது. என்னுடையது வேறு ஜாதி. திருகினால் இரண்டாகப் பிரியும். நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் நிஜமான பேரிங் இருக்கும். கீழே வீசினால் உடனே மேலே வராமல் கயிற்றின் நுனியில் நின்றபடியே சுற்றும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் பந்தயம். என்னுடையது ஒன்பது எண்ணும்வரை நின்றது. எனக்கு அது போதவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன்.

சித்தப்பா பிரித்துப் பார்த்ததும் விசில் நின்றுவிட்டது.

"அண்ணே, இங்கன வாங்க. வெரல் நகம் கணக்கா ஒரு பேரிங்கு! இதுக்கும் ரெண்டு பக்கம் தகடு வச்சிருக்கான் பாருங்க!"

அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். "வச்சிருக்கான்ல? அப்ப வேணும்னுதான் வச்சிருக்கான். வையி."

"எடுத்துட்டா இன்னும் நேரம் நிக்கும்."

"எடுத்தா தூசி போயி நாலே நாள்ல நிண்டுரும்."

ஸ்டூலில் திராட்சைத் தோட்டத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருந்தவர். அவருடைய தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். அவர், "ஏப்பா மெக்கானிக்குகளா, எம் மோட்டார விட்டுட்டு வெளையாட்டுச் சாமானுக்குப் பஞ்சாயத்து வைக்கிறீகளே! கழட்டித்தான் பாருங்களேன், நான் எண்ணுறேன்" என்றார்.

சித்தப்பா ஊசி முனையால் ஒரு நெம்பு நெம்பினார். மயிரிழை மாதிரி ஒரு கம்பி வளையம் தெறித்தது, தகடு விழுந்தது. மறுபக்கமும் அப்படியே. பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதி, யோயோவில் மாட்டி என் கையில் கொடுத்தார். நான் வீசினேன். தோட்டத்துக்காரர் சத்தமாக எண்ணினார். முப்பத்தொன்று.

"ஜெயிச்சது தம்பிதான்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அப்பாவே சிரித்துவிட்டார். அவர் பல் தெரிந்ததை அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். சித்தப்பா அந்த இரண்டு குட்டித் தகட்டையும் என் உள்ளங்கையில் வைத்து, "தொலச்சுராத. பின்னால வேண்டியிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகும் சித்தப்பா ஏதோ சொன்னாராம். "இது வெளையாட்டுச் சாமாண்ணே, அர நிமிசம் சுத்துனாப் போதும், கிரீஸே தேவையில்ல. மோட்டார் நாள் பூராச் சொமையோட ஓடணும். அது வேற, இது வேற." திராட்சைத் தோட்டத்துக்காரர் பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னது இது. அன்றைக்கு என் காதில் விழவில்லை. யோயோவை எடுத்துக்கொண்டு நான் அதற்குள் ரோட்டுக்கு ஓடியிருந்தேன்.

ஒரு வாரம் தெருவில் நான்தான் ராஜா. பையன்கள் என்னைப் 'பேரிங்கு' என்று கூப்பிட்டார்கள். ஓடாத யோயோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கெல்லாம் வைத்தியம் சொன்னேன். "மூடி வச்சா எதுவும் ஓடாதுலே. தொறந்து விடணும். சயின்சு" என்பேன். அறிவியலில் நான் வாங்கிய மார்க்கை யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திராட்சைத் தோட்டத்து மோட்டார் முடிகிற கட்டத்தில் இருந்தது. அப்பா செம்புக்கம்பி வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். சித்தப்பா புதுப் பேரிங் இரண்டையும் மோட்டாருக்குள் சுற்றுகிற ரோட்டரில் ஏற்றி, தன் வழக்கப்படி உள்பக்கத் தகடுகளை எடுத்து, கிரீஸைத் திணித்து, ரோட்டரை மோட்டாருக்குள் இறக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கமூடி இரண்டையும் பொருத்தி போல்ட் முடுக்குவது மட்டும் மிச்சம். அது பத்து வயதிலிருந்தே என் வேலை.

"மூடியப் போட்டு வைடா. நான் சாப்பிட்டு ஓடியாந்துர்றேன். டெம்போ வந்தா இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் மூடியைக் கையில் எடுத்தேன். பேரிங்கின் வெளிப்பக்கத் தகடு பளபள என்று என்னைப் பார்த்தது. சித்தப்பா பாதி வேலைதான் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் எடுத்தால் நல்லது என்றால் இரண்டு பக்கமும் எடுத்தால் ரொம்ப நல்லதுதானே? யோயோவில் அப்படித்தானே ஜெயித்தோம்?

சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். யோயோ தகடு மாதிரி லேசில் வரவில்லை. முட்டி சிவக்க நெம்பியதும் கோணிக்கொண்டு வந்தது. இன்னொன்று அதைவிடக் கோணல். பிறகு பிரஷ்ஷைப் பெட்ரோலில் தோய்த்துத் தோய்த்து இரண்டு பேரிங்கையும் கழுவினேன். சித்தப்பா திணித்த கிரீஸ் மஞ்சள் கூழாக வழிந்து வந்தது. குண்டுகள் முத்து மாதிரித் தெரியும்வரை கழுவினேன். மூடியைப் போட்டு முடுக்கினேன். ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுண்டு சுண்டினேன். கிரீஸ் திணித்த மோட்டார் இரண்டு சுற்றில் நின்றுவிடும். இது சத்தமே இல்லாமல் சுற்றியது. பதினெட்டு எண்ணினேன்.

கோணல் தகடு இரண்டையும், பையில் இருந்த குட்டித் தகடு இரண்டையும், பெஞ்சுக்கு அடியில் கிடந்த காலி கிரீஸ் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். ஒளிக்கவில்லை, அது முக்கியம். எடுத்து வைத்தேன். மோட்டார் பிரமாதமாக ஓடுகிறது என்று தோட்டத்துக்காரர் வந்து சொல்வார். அப்பா, சித்தப்பா எல்லோரும் இருப்பார்கள். அப்போது டப்பாவைத் திறந்து, இது என் வேலை என்று காட்ட வேண்டும். என் பங்கு என்ன என்று ஊருக்குத் தெரிய வேண்டும். பதின்மூன்று வயதிலேயே எனக்கு அந்த நினைப்பு இருந்தது.

டெம்போ வந்து ஹாரன் அடித்தது. சித்தப்பா கை ஈரத்தோடு ஓடிவந்து, ஷாஃப்ட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "என்னா லேசு! ஒனக்குக் கைராசிடா" என்று முதுகில் ஒன்று வைத்தார். மோட்டார் ஏறிப் போய்விட்டது.

இரண்டாம் நாள் தோட்டத்து ஆள் கடைப் பக்கம் வந்தவன், "மோட்டார் சத்தமே இல்ல, ஓடுதா இல்லையான்னு கைய வச்சுப் பாக்க வேண்டியிருக்கு" என்றான். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வேலைக்காரனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? முதலாளி வரட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் முதலாளியே வந்தார். டெம்போவில் மோட்டாரும் வந்தது. மோட்டாருக்கு முன்னால் எரிந்த வாடை வந்தது.

"பந்தல்ல காயெல்லாம் பட்டாணி கணக்கா நிக்குது. தண்ணி குடிக்கிற நேரம். இந்த நேரம் பாத்து எம் மோட்டார நிப்பாட்டிட்டீக. ஒங்கள நம்பி வேற மோட்டாரும் வைக்கல நானு" என்று அவர் சத்தம் போட்டபோது பஜாரே திரும்பிப் பார்த்தது.

அப்பா மூடியைக் கழற்றினார். பேரிங் நீலம் பாரித்திருந்தது. குண்டுகள் தேய்ந்து, நடுவில் இருந்த கூடு சுக்குநூறாக உடைந்து, ரோட்டர் உரசிக் காயில் கருகியிருந்தது. அப்பா குனிந்து பேரிங்கைப் பார்த்தார். பிறகு கையில் எடுத்து, இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"தகடு எங்கலே?"

"உள்பக்கம் எடுத்துட்டேண்ணே. எப்பவும் எடுக்கிறதுதான?" என்றார் சித்தப்பா.

"வெளிப்பக்கம்?"

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். "வெளிப்பக்கம் நான் தொடலையே."

"தொடாம பேயா வந்து கழட்டுச்சு? அன்னைக்கு வெளையாட்டுச் சாமானக் கழட்டி நாலு பேருக்கு முன்னாடி ஜெயிச்சேல்ல? அந்தத் திமிருல மோட்டாரையும் கழட்டிட்ட. கழுவுனவன் கிரீஸு வைக்கக்கூட மறந்துட்ட."

"அண்ணே, சத்தியமா நான் ஒரு பக்கந்தான்…"

"நானே பாத்தேனே, அன்னைக்கி இவருதான கழட்டணும் கழட்டணும்னு நின்னாரு" என்றார் தோட்டத்துக்காரர்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீதான மூடி போட்ட. தகட்டக் கழட்டுனது யாரு? பாத்தியா?"

என் விரலில் யோயோ கயிறு சுற்றியிருந்தது. அதை இறுக்கினேன். விரல் நுனி வெளுத்தது.

"சித்தப்பா கழட்டுனாகப்பா. நான் பாத்தேன்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சித்தப்பா உள்பக்கத் தகடுகளைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த உண்மையை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொய் சொன்னால் பிடிபடுவோம் என்று தெரிந்த பிள்ளைக்கு, உண்மையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "ஒரு பக்கந்தானடா நான் கழட்டுனேன்? பாத்துக்கிட்டுதான நிண்ட? சொல்லுடா."

"எனக்குத் தெரியல சித்தப்பா" என்றேன். இது பொய்.

அன்றைக்கு முழுக்க சித்தப்பா கத்தினார். கடையில் கத்தினார், வீட்டில் வந்து அம்மாவிடம் கத்தினார். "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க, நான் அப்படி வேல பாக்குறவனா?" மறுநாள் கத்தல் குறைந்தது. ஆனால் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் முதல் ஆளாகக் கடையைத் திறந்தார். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தத் தகட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அப்பா குத்தினாலும் பேசவில்லை.

சித்தப்பா ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒருவேளை நிஜமாகவே அவர்தான் கழற்றினாரோ என்றுகூட எனக்குத் தோன்றத் தொடங்கியது. நாலைந்து நாளில் அதைப் பாதி நம்பிவிட்டேன்.

அந்த வாரமே பெயிண்டர் வந்தார். பலகையை வெளியே எடுத்துப் போட்டார்கள். "ரெண்டு பேருல்ல?" என்று பெயிண்டர் கேட்டார். "ஒரு பேரு போதும். நடுவுல பெருசா எழுது" என்றார் அப்பா. சித்தப்பா உள்ளே ஸ்பேனர்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரியே துடைத்தார். கீழ்ப்பாதியில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பெயிண்டர் ஈரத்துணியால் அழித்தார்.

இரண்டு நாள் கழித்து சித்தப்பா மலைக்கு மேலே, கேரளாவில் இருக்கிற கட்டப்பனைக்குப் புறப்பட்டார். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் பழுது பார்க்கும் கடையில் ஆள் கேட்டார்களாம். அம்மா, "ஒரு வா சாப்ட்டுப் போங்க தம்பி" என்றாள். "ஜீப்பு போயிரும் மதினி" என்றார். அப்பா காயிலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

போகிறபோது சித்தப்பா என்னைப் பெஞ்சுப் பக்கம் கூப்பிட்டார். ஒரு கிரீஸ் டப்பாவைக் கையில் கொடுத்தார். அதே டப்பா. ஆனால் அது காலியாக இல்லை. வாய் வரைக்கும் புதுக் கிரீஸ் அடைத்து, மேலே விரலால் தடவிச் சமன் செய்திருந்தார்.

"இத நீ மட்டும் எடு. ஒங்கப்பாவுக்குப் பெரிய டப்பா இருக்கு, அவரு இதத் தொட வேணாம். மூடியே வை. தூசி விழுந்துரும்."

தலையை ஆட்டினேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். விசில் இல்லை.

சந்தோஷத்தில் நான் குதிக்காத குறை. அடியில் தகடு கிடப்பதைப் பார்க்காமலே மேலே கிரீஸைக் கொட்டிவிட்டாரே! எவ்வளவு அதிர்ஷ்டம்! பதின்மூன்று வயதில் என் புத்தி அந்த மட்டுக்குத்தான் ஓடியது.

கடையில் ஆள் குறைந்துபோயிற்று. "ரெண்டு கை வேணும். படிச்சது போதும்" என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டவன் என்று மேடையில் சொல்கிறேனே, அந்தக் கஷ்டம் இதுதான். சித்தப்பா நின்ற இடத்தில் நான் நின்றேன். பேரிங்கை இழுத்துக் கழற்றுவதற்கு அவர் வளைத்துச் செய்து வைத்துவிட்டுப் போன புல்லரைத்தான் நான் பிடித்தேன். நானாக எழுந்து நின்றவன் என்று சொல்லிக்கொள்கிறேன். நான் எழுந்து நிற்பதற்கு ஒரு இடம் காலியாக வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் அந்த டப்பா தீர்ந்தது. அடியில் விரல் தட்டியது. எடுத்துத் துடைத்தேன். பெரிய தகடு இரண்டு, அதன் மேல் குட்டித் தகடு இரண்டு. பெரியவை இரண்டும் தட்டையாக, பளிங்கு மாதிரி நேராக இருந்தன. 'நாம் நினைத்த அளவுக்குக் கோணவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். தூசி அடைத்துப்போய் மூலையில் கிடந்த யோயோவைக் கழுவி, குட்டித் தகட்டை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். மறுபடியும் ஒன்பதுதான் நின்றது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதாகும்போது ஒரு பழைய மோட்டார் வந்தது. அந்த அளவு பேரிங் மதுரையிலும் இல்லை. இருந்ததையே கழுவிப் போட வேண்டிய நிலைமை. அதன் தகடு கோணியிருந்தது. நேராக்க உட்கார்ந்தேன். இரும்புச் சுத்தியல் ஆகாது, வெட்டு விழும். மரச்சுத்தியலை எடுத்து, கீழே ஈயக்கட்டி வைத்து, ஓரம் ஓரமாகத் தட்ட வேண்டும். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் எழும்பும். ஒரு தகட்டுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாதித் தட்டலில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு தகட்டை யாரோ இப்படி உட்கார்ந்து நேராக்கியிருக்கிறார்கள். தன்னைக் கடையை விட்டுத் துரத்திய தகட்டை. அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், கூடவே கிடந்த குட்டித் தகடு யாருடையது என்று தெரிந்த பிறகும். மூன்றாம் நாள் சித்தப்பா ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்து, மரச்சுத்தியலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. கையில் டப்பாவைக் கொடுத்து அப்பா இதைத் தொட வேண்டாம் என்று அவர் சொன்னது கிரீஸுக்காக இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அப்பா அப்போது இருந்தார். சொல்லவில்லை. அப்பா தம்பியைத் திட்டிக்கொண்டே செத்தார். அதற்கப்புறம் ஒரு தடவை கட்டப்பனை போனேன், சொல்வதற்காகவே. சித்தப்பா ஒரு சின்னக் கடையில் ஸ்பிரேயர் பிரித்துக்கொண்டிருந்தார். பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம்.

"கடைக்கு அதே பலகதானா?" என்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா. புதுசு போட்டுட்டேன்."

"என்னா பேரு?"

"எம் பேருதான்."

"நல்லாப் பெருசா எழுதச் சொன்னியா?" என்று சிரித்தார். நிஜமான சிரிப்பு. அதில் குத்தலைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் கடைசி ஜீப்பைப் பிடித்து வந்துவிட்டேன்.

செயலாளர் தம்பி, இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். பெரியவருக்கு என்ன ஆச்சு என்று இதை ஓரமாக வைத்துவிட்டு, லேத்தையும் மாடி வீட்டையும் மட்டும் போடலாம் என்று நினைப்பீர்கள். அது நடக்கக் கூடாது. இடம் பற்றாவிட்டால் பாறையை வெட்டுங்கள், மோரை வெட்டுங்கள், என் போட்டோவையே எடுத்துவிடுங்கள். ஆனால் இதை அப்படியே போடுங்கள்: அந்த மோட்டாரில் சித்தப்பா கழற்றியது உள்பக்கத் தகடுகள், அது அவருடைய தொழில். வெளிப்பக்கத் தகடு இரண்டையும் கழற்றியது நான். கிரீஸைக் கழுவியது நான். மூடியைப் போட்டு முடுக்கியதும் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. என் பெயரை நடுவில், பெரிதாகப் போடுங்கள். மலர் அச்சானதும் முதல் பிரதியைக் கட்டப்பனைக்கு அனுப்புங்கள். விலாசம் நான் தருகிறேன்.